முறையும் கண்ணோட்டமும்

பெங்களூரில் தொடங்கி ஒசூர், கிருட்டிணகிரி, தருமபுரி வழியாகச் சேலம் நோக்கி ஓடும் பெருவழியில் இரவும் பகலும் ஊர்திகள் ஓய்வதில்லை. ஒசூர்த் தொழிற்பேட்டையில் சரக்குந்தும் இருசக்கர ஊர்தியும் கைக்கடிகாரமும் உருவாகின்றன. அவற்றை உருவாக்கும் கைகள் தருமபுரி வறள்நிலத்திலிருந்தும் வடவார்க்காட்டுச் சிற்றூர்களிலிருந்தும் வந்தவை. வடக்கே சில கல் தொலைவில் கருநாடகத்து அத்திப்பள்ளி. 1-11-1956-இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது இவ்வெல்லைக்கோடு உறுதிப்பட்டது. ஒசூர் தமிழ்நாட்டில் நின்றது. கோவை மாவட்டத்திலிருந்த கொள்ளேகாலம் வட்டமோ தன் தமிழ்ச் சிற்றூர்களோடு மைசூர் மாநிலத்திற்குப் போயிற்று. ஒருநாள் இரவில் தமிழர் பல்லாயிரவர், தாம் பிறந்த மண்ணிலேயே அயலாராயினர்.

இவ்வெல்லையின் இருமருங்கிலும், இப்பெருவழியின் ஓரத்திலும், கடந்த சில பத்தாண்டுகளில் எழுந்த வழக்குகள் ஒரு பழைய வினாவைத் தமிழ் மக்கள்முன் நிறுத்தியுள்ளன. குற்றஞ்செய்தாரை ஒறுப்பது அரசின் கடன். ஒறுக்கத் தக்காரிடத்தும் கண்ணோடுவது அரசின் பெருமை. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரணும்போது எதனை முன்வைப்பது? அதனை முடிவு செய்வார் யார்? எந்த அளவுகோல் கொண்டு முடிவு செய்வது?

இவ்வினா வரும்போதெல்லாம் கற்றார் பலர்க்கும் முதலில் நினைவுக்கு வருவது ஆங்கிலப் புலவர் சேக்சுபியர் எழுதிய வெனிசு வணிகன் நாடகத்து மன்றக் காட்சியே. 1600-இல் அச்சேறிய அந்நாடகம் ஆங்கிலப் பாடங்களின் வழியே தமிழ் மாணவர் பல தலைமுறையினர்க்கும் அறிமுகமானது. கடன் கொடுத்த யூதன் சைலாக்கு, கடன்முறியில் எழுதியபடி அந்தோணியோவின் மார்பிலிருந்து ஒரு கல்லெடைத் தசையை அறுத்தெடுக்க மன்றத்தில் நிற்கின்றான். வழக்கறிஞர் வேடம் பூண்டுவந்த போர்சியா அவனை இரங்குமாறு வேண்டுகின்றாள். அவன் மறுக்கின்றான், முறி முறிதான் என்கின்றான். உடனே அவள் அதே முறியைக் கொண்டு அவனை மடக்குகின்றாள். தசை உண்டு, குருதி இல்லை என்கின்றாள். அரங்கம் கைதட்டுகின்றது. கண்ணோட்டம் வென்றது என்று ஆசிரியர்களும் சொல்லி முடித்துவிடுகின்றனர்.

ஆனால் அக்காட்சி அங்கு முடிவதில்லை. வெனிசு நகரத்தின் இன்னொரு சட்டத்தை அவள் எடுத்து நீட்டுகின்றாள். நகரத்துக் குடிமகன் ஒருவனின் உயிரைப் பறிக்க அயலான் ஒருவன் முயன்றானாயின், அவன் உடைமை பறிபோகும். அவன் உயிரும் தலைவனின் இரக்கத்தைப் பொறுத்ததாகும். அயலான் என்னும் அந்த ஒரு சொல்லிலேயே வழக்கு தலைகீழாகின்றது. பிறகு அவனுக்கும் இரக்கம் காட்டப்படுகின்றது. எத்தகைய இரக்கம்? உயிரை விட்டுவைத்தனர், பொருளை முறித்தனர், மதத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும் என்றனர். கெஞ்சி நின்றவன் தன்னை இழந்தபின் எஞ்சியதே அங்கு இரக்கம் எனப்பட்டது. சைலாக்கின் கொடுமையை எவரும் பாராட்டார். ஆயினும் தன்னவர்க்கு ஓர் அளவும் அயலார்க்கு ஓர் அளவுமாக நிறுக்கும் துலாக்கோலிலிருந்து பிறக்கும் இரக்கம், உண்மையில் இரக்கமாகுமா என்று கேளாமல் அக்காட்சியைப் படித்து முடித்தல் அறிவுடைமையன்று.

தமிழர்க்கும் இத்தகைய மன்றக் காட்சி ஒன்று உண்டு. அது சேக்சுபியருக்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது. தன் பகைவனான மலையமானின் சிறு குழந்தையரை யானைக் காலில் இடுவித்துக் கொல்லச் சோழன் கிள்ளிவளவன் முற்பட்டான். மன்றம் திரண்டிருந்தது, யானையும் வந்து நின்றது. கோவூர்கிழார் எழுந்து நின்று பேசினார். அவர் சொல்லில் சட்டத்தின் இடுக்கைத் தேடும் சூழ்ச்சி இல்லை. வேந்தன் பிறந்த குடியின் பெருமை இது, இக்குழந்தையர் பிறந்த குடியின் பெருமை இது, இவர்கள் நிலையோ இது என்று உண்மையை உள்ளவாறே எடுத்துவைத்தார். முடிவை வேந்தனிடம் விட்டார். குழந்தையர் உயிர் பிழைத்தனர் என்று புறநானூற்றின் குறிப்பு கூறுகின்றது. பகைவனின் மக்கள் என்னும் வேறுபாடு அம்மன்றத்தில் தோற்றது.

திருவள்ளுவர் இதனை நெறியாகவே வகுத்துவைத்தார். துறவிக்கு உரிய அருளுடைமையை அவர் அறத்துப்பாலில் வைத்தார். கண்ணோட்டத்தையோ பொருட்பாலில், அரசியலில், செங்கோன்மை, கொடுங்கோன்மை, வெருவந்த செய்யாமை ஆகிய அதிகாரங்களை அடுத்து 58-ஆம் அதிகாரமாக வைத்தார். இவ்வைப்புமுறை ஆழ்ந்து எண்ணத்தக்கது. கண்ணோட்டம் என்பது ஆள்வோன் மனமுவந்து எறியும் பிச்சையன்று. முறைசெய்தலைப் போலவே அதுவும் ஆட்சிக் கடமை. அதற்கு ஓர் எல்லையும் அவர் வகுத்தார்: செய்யவேண்டிய கடமை சிதையாதவாறு கண்ணோட வேண்டும் என்பதே அவ்வெல்லை. கடமை சிதையுமாயின் அது கண்ணோட்டமாகாது. ஒருபாற் கோடலாகவே முடியும்.

இவ்வளவுகோலை ஏந்தி இவ்வெல்லைப்புறத்து வழக்குகளை அளந்து பார்த்தல் வேண்டும்.

முதலாவது, பாலாற்று வழக்கு. 9-4-1993 அன்று தமிழக கருநாடக எல்லையில் பாலாற்றின் அருகே வீரப்பன் கூட்டத்தார் வைத்த கண்ணிவெடியில் காவலரும் வனத்துறையினரும் பிறருமாக 22 பேர் மாண்டனர். கொடுஞ்செயலே அது, மாண்டவர்க்கும் மனைவி மக்கள் இருந்தனர். அவ்வழக்கில் தடாச் சட்டத்தின்கீழ் மைசூரில் அமைந்த தனிமுறைமன்றம் 2001-இல் நால்வர்க்கு வாழ்நாள் சிறை விதித்தது. மார்த்தள்ளியைச் சூழ்ந்த தமிழ்ச் சிற்றூர்களிலிருந்து சென்றவரும் அந்நால்வருள் இருந்தனர். 1956-ஆம் ஆண்டின் கோடு அவர்களை மைசூர்க் குடிகளாக்கியிருந்தது. தடாச் சட்டமோ, காவல் அலுவலர்முன் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலத்தையே சான்றாகக் கொள்ள இடங்கொடுத்த சட்டம். குறை நீங்கும் என்று நம்பி நால்வரும் உச்ச முறைமன்றம் சென்றனர். 29-1-2004 அன்று அம்மன்றம் தானே முன்வந்து அவர்கள் ஒறுப்பைத் தூக்காக உயர்த்தியது. முறையீடு செய்யச் சென்றவர் கழுத்தில் கயிறு விழுந்தது. அவர்களின் இரக்க விண்ணப்பம் ஏறத்தாழ ஒன்பதாண்டு தில்லியில் உறங்கி, 2013 பிப்ரவரியில் மறுக்கப்பட்டது. 21-1-2014 அன்று தலைமை நடுவர் ப. சதாசிவம் தலைமையிலான ஆயமே அக்கயிற்றை அவிழ்த்தது. விளக்கமில்லாத நெடுங்காலத் தாழ்ப்பு உயிரோடு வதைப்பதற்கு ஒப்பாகும் என்று கூறி, அவர்களுடையது உட்படப் பதினைவரின் தூக்கை அம்மன்றம் வாழ்நாள் சிறையாக்கியது.

அதே காட்டில் இன்னொரு கணக்கும் உண்டு. வீரப்பனைத் தேடிச்சென்ற இருமாநில அதிரடிப்படையினரால் மலைவாழ் மக்கள் வதைக்கப்பட்டனர் என்னும் முறையீடுகளை, தேசிய மனித உரிமை ஆணையம் அமைத்த சதாசிவா குழு உசாவியது. அதன் வழியில் 2007-இல் 89 பேர்க்கு 2 கோடியே 80 இலக்கம் உருபா இழப்பீடு வழங்குமாறு ஆணையம் பரிந்துரைத்தது. 18-10-2004-இல் பாப்பாரப்பட்டி அருகே வீரப்பன் கொல்லப்பட்டதற்குப் பின்னர் அப்படையினர்க்குப் பதவி உயர்வும் பணப் பரிசும் வீட்டுமனையும் கிடைத்தன. ஒருபுறம் கயிறு, மறுபுறம் பரிசு. இடையில் வதைபட்டவர்க்கு இழப்பீடு. முறை ஒன்றாயிருந்தால் அளவு இங்ஙனம் மாறுபடுமா?

இரண்டாவது, நெஞ்சை இன்றும் எரிக்கும் வழக்கு. 2-2-2000 அன்று விடுதி வழக்கொன்றில் செயலலிதாவுக்குச் சிறை விதிக்கப்பட்டது. அதனை எதிர்த்து அ.இ.அ.தி.மு.க.வினர் தெருவில் இறங்கினர். கோவை வேளாண்மைப் பல்கலைக்கழக மாணவியர் கல்விச் செலவு முடித்துத் திரும்பிய பேருந்து, தருமபுரியை அடுத்த இலக்கியம்பட்டியில் மறிக்கப்பட்டுத் தீயிடப்பட்டது. மூன்று மாணவியர் உள்ளேயே கருகினர். அவர்கள் எந்தக் கட்சிக்கும் பகைவரல்லர். அன்றைய தீர்ப்போடு அவர்களுக்கு எத்தொடர்பும் இல்லை.

வழக்கு முதலில் கிருட்டிணகிரி முறைமன்றத்திற்கு வந்தது. அங்கே சான்றாளர்கள் ஒருவர்பின் ஒருவராகப் பிறழ்ந்தனர். கண்டதைக் கண்டேன் என்று சொல்ல நாவெழவில்லை. ஆளுங்கட்சியின் நிழல் மன்றத்தின்மேல் விழுந்திருந்தது. மகளை இழந்த தந்தை ஒருவர் சென்னை உயர் முறைமன்றத்தின் கதவைத் தட்டினார். 2003-இல் வழக்கு சேலத்திற்கு மாற்றப்பட்டு, உசாவல் முதலிலிருந்து தொடங்கிற்று. சிலம்பேந்தி நின்ற கண்ணகிக்கு ஒருநாளில் முறை கிடைத்தது. இத்தந்தைக்கோ தீர்ப்பைக் கேட்கவே ஏழாண்டாயிற்று. 16-2-2007 அன்று சேலம் மன்றம் மூவர்க்குத் தூக்கும் பலர்க்குச் சிறையும் விதித்தது. உயர் முறைமன்றம் அதே ஆண்டிலும், உச்ச முறைமன்றம் 30-8-2010-இலும் அதனை உறுதிசெய்தன. பின்னர் மறுஆய்வில், அது முன்னரே திட்டமிட்ட கொலையன்று, கூட்டவெறியில் நிகழ்ந்தது என்று கருதிய உச்ச முறைமன்றம், 11-3-2016 அன்று மூவரின் தூக்கையும் வாழ்நாள் சிறையாக்கியது.

அதுவரை நடந்ததில் குறைகூற இடமில்லை. தூக்கு எவர்க்கும் வேண்டா என்போர் அம்மூவர்க்கும் வேண்டா என்றே சொல்லல் வேண்டும். ஆனால் 19-11-2018 அன்று அம்மூவரும் வேலூர்ச் சிறையிலிருந்து விடுவிக்கப்பட்டனர். ம.கோ. இராமச்சந்திரன் நூற்றாண்டு விழாவையொட்டிய முன்கூட்டிய விடுதலைத் திட்டமே அதற்குச் சொல்லப்பட்ட வாயில். சேலம் தீர்ப்பு வந்து பன்னிரண்டாண்டும் அன்று நிறையவில்லை. ஆட்சியில் இருந்தது அவர்கள் கட்சி. ஆளுநர் பன்வாரிலால் புரோகித் அக்கோப்பை முதலில் திருப்பி அனுப்பினார். அமைச்சரவை மீண்டும் வலியுறுத்தவே கையொப்பமிட்டார்.

மூன்றாவது வழக்கை அறியாத் தமிழர் இலர். 21-5-1991-இல் திருப்பெரும்புதூரில் இராசீவ் காந்தியும் அவரோடு காவலரும் பொதுமக்களுமாகப் பலரும் வெடிகுண்டால் கொல்லப்பட்டனர். பத்தொன்பது அகவையினரான பேரறிவாளன் 11-6-1991-இல் பிடிபட்டார். 1998-இல் தனிமுறைமன்றம் 26 பேர்க்கும் தூக்கு என்றது. 1999-இல் உச்ச முறைமன்றம் 19 பேரை விடுவித்து, நால்வர்க்குத் தூக்கை உறுதிசெய்தது. இக்குற்றம் தடாச் சட்டம் சுட்டும் கொடுஞ்செயல் ஆகாது என்று அம்மன்றமே கூறிற்று. ஆயினும் தடாச் சட்டத்தின்கீழ் எழுதப்பட்ட வாக்குமூலங்கள் மட்டும் செல்லும் என்றது. அவற்றுள் பேரறிவாளனின் வாக்குமூலத்தை எழுதிய நடுவண் புலனாய்வு அலுவலரே, தாம் வாங்கிக்கொடுத்த மின்கலம் எதற்கென்று தமக்குத் தெரியாது என அவர் கூறியதைத் தாம் எழுதாமல் விட்டதாக 2013-இல் வெளிப்படுத்தினார். மூவரின் இரக்க விண்ணப்பம் பதினோராண்டு கிடந்து, 2011-இல் தள்ளுபடியாயிற்று. அவ்வாண்டு ஆகத்து 28-இல் காஞ்சிபுரத்தில் செங்கொடி தன்னுடலைத் தீக்கு ஈந்தாள். 18-2-2014-இல் தூக்கு நீங்கியது. 9-9-2018 அன்று எழுவரையும் விடுவிக்குமாறு தமிழக அமைச்சரவை ஆளுநர்க்குப் பரிந்துரைத்தது.

ஆண்டு அதே 2018. ஆளுநர் அவரே. அமைச்சரவையும் அதுவே. அரசமைப்புச் சட்டத்தின் 161-ஆம் பிரிவும் அதுவே. பேருந்து எரித்த மூவர்க்கான கோப்பு அவ்வாண்டிலேயே கையொப்பம் பெற்றது. இருபத்தேழாண்டு சிறையிருந்த எழுவரின் கோப்போ இரண்டாண்டுக்கு மேல் உறங்கி, 2021 சனவரியில் குடியரசுத் தலைவர்க்குத் தள்ளிவிடப்பட்டது. 18-5-2022 அன்று பேரறிவாளனை விடுவித்த உச்ச முறைமன்றம், அமைச்சரவையின் பரிந்துரைக்கு ஆளுநர் கட்டுப்பட்டவர் என்பதைத் தெளிவாக்கியது. எஞ்சிய அறுவரும் 11-11-2022-இல் விடுதலையாயினர். அவர்களுள் சாந்தன் ஈழத்தார். ஆகவே சிறையின் கதவு திறந்ததும் திருச்சி சிறப்பு முகாமின் கதவு மூடிற்று. தாயைக் காணாமலே 28-2-2024 அன்று சென்னை மருத்துவமனையில் அவர் உயிர் நீத்தார். வெனிசு மன்றத்தில் ஒலித்த அயலான் என்னும் சொல் இங்கும் ஒலித்ததை யார் மறுப்பார்?

இங்கே ஒருவர் எழுந்து வினவக்கூடும்: எழுவர்க்கு விடுதலை கேட்டவர்கள், மூவர்க்குக் கிடைத்த விடுதலையை எங்ஙனம் குறைகூறலாம்? இதுவும் தன்னவர்க்கு ஓர் அளவு, பிறர்க்கு ஓர் அளவு ஆகாதா? நேர்மையான வினா இது. நேர்மையான விடையை வேண்டுவது. தமிழினத்தார் என்பதற்காக மட்டும் எழுவர்க்கு விடுதலை கேட்டவர் உளராயின், அவரும் துலாக்கோலைச் சாய்த்தவரே. திருப்பெரும்புதூரில் மாண்டவருள் தமிழரும் இருந்தனர். அவர்தம் இல்லத்தார் அழுகையும் அழுகையே. எழுவர்க்கான வேண்டுகோளின் வலிமை இனத்தில் இல்லை. வாக்குமூலத்தின் நம்பகமின்மையிலும், பதினோராண்டுத் தாழ்ப்பிலும், கால் நூற்றாண்டைக் கடந்த சிறையிலும், சட்டப்படி அமைந்த அமைச்சரவை முடிவு மதிக்கப்படாமையிலும் இருந்தது. இக்காரணங்களுள் ஒன்றேனும் எவர்க்குப் பொருந்தினும், அவர் எக்கட்சியாயினும் எம்மொழியாயினும், அவர்க்கும் அதே கண்ணோட்டம் உரியது.

பேருந்து வழக்கில் குறை, விடுதலையில் இல்லை. அது வந்த வழியிலேயே இருக்கின்றது. கட்சி எரித்தது, கட்சியின் ஆட்சிக்காலத்தில் சான்று பிறழ்ந்தது, கட்சித் தலைவரின் நூற்றாண்டில் கட்சியின் அமைச்சரவை விடுவித்தது. கருகிய மூவரின் பெற்றோர் அதில் எங்கே இருந்தனர்? தம் மக்களைக் கொன்றார்க்கு இரங்கும் உரிமை எவர்க்கேனும் உண்டெனில், அஃது அவர்களுக்கே முதலில் உண்டு. வேந்தன் தன் கையாளுக்குக் காட்டும் இரக்கம், குடிகளுக்கு இழைக்கும் கொடுங்கோன்மையே. வள்ளுவர் சொன்ன கடமைச் சிதைவு இதுவே.

ஆகவே செய்யவேண்டுவன தெளிவு. தூக்கு ஒறுப்பு அடியோடு ஒழிதல் வேண்டும். பிழைபட்ட தீர்ப்பைத் திருத்த உயிரோடிருக்கும் ஒருவன் வேண்டுமன்றோ? இரக்க விண்ணப்பங்களுக்குக் கால எல்லை வகுத்தல் வேண்டும். ஏற்பினும் மறுப்பினும் காரணம் எழுத்தில் வெளிப்படல் வேண்டும். கொலையுண்டார் குடும்பத்தின் குரல் கேட்கப்படாமல் எவ்விடுதலையும் அமைதல் கூடாது. தலைவர்களின் பிறந்தநாள், நூற்றாண்டு விழா என்பனவற்றின் பெயரால் சிறைக்கதவு திறக்கும் வழக்கம் ஒழிந்து, சிறையாளரின் திருத்தமும் குற்றத்தின் தன்மையுமே அளவாதல் வேண்டும். சிறப்பு முகாம் என்னும் பெயரிலான இரண்டாம் சிறை இழுத்து மூடப்படல் வேண்டும். உயர் முறைமன்றத்தில் தமிழ் வழங்கவேண்டும் என்று தமிழகச் சட்டமன்றம் 6-12-2006-இல் இயற்றிய தீர்மானம் இன்னும் ஒப்புதலின்றிக் கிடக்கின்றது. தன் கழுத்துக்கு வரும் கயிற்றைப்பற்றி இருதரப்பாரும் வாதிடுவது என்ன என்று அறியாமல் ஒருவன் கூண்டில் நிற்பது, எந்த முறையிலும் முறையாகாது.

கோவூர்கிழாரைப் போலப் பகைவனின் குழந்தைக்காகவும் எழுந்து நிற்கக்கூடிய நாவே கண்ணோட்டம் கேட்கத் தகுதியுடைய நா. கிருட்டிணகிரி மன்றத்தில் அன்று கண்டதைச் சொல்ல அஞ்சிய நாக்கள் மீண்டும் அஞ்சாதிருக்குமாறு செய்வதே முறையை வேண்டுவோர் கடன். இலக்கியம்பட்டியில் மகளை இழந்த தாயும், ஈழத்தில் மகனை எதிர்நோக்கிக் கண்பூத்த தாயும் ஒரே துலாக்கோலின்முன் நிற்கின்றனர். அத்துலாக்கோல் இருவர்க்கும் ஒன்றாக நிற்கும் நாளே தமிழ்மண்ணில் செங்கோல் நிமிரும் நாள்.